பெருங்கமராவே, நீ வாழ்க!

கண்டிக் கடைகளில் கறுப்பு உடலும் முழநீளக் குழலுமாய் வீற்றிருக்கும் பெருங்கமராவே, மலை நடைக்கு உன்னை வாங்கச் சொல்லி ஊரெல்லாம் புகழ்கிறது. புசல்லாவைக்காரன் நானும் என் பங்குக்குப் புகழ்கிறேன்.

முதலில் உன் கனம். உடம்பும் தூர லென்ஸும் சேர்ந்து 2 கிலோவைத் தாண்டுகிறாய். உன்னைக் கழுத்தில் மாட்டியவன் ரொத்சைல்ட் தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறான். அவன் முழங்காலை அப்படிக் காக்கிறாய். அடுத்த ஞாயிறு உன்னை அலுமாரியில் பூட்டிவிட்டுக் கைவீசிப் போகிறான். பூட்டிய கமராவுக்குக் கீறலும் இல்லை, படமும் இல்லை.

உன் அடக்கம் அதைவிடப் பெரிது. தென்மேல் பருவ மழை பிடித்துவிட்டால், இங்கே தேயிலை மலையே முகிலுக்குள் போய்விடும். அந்த முகில் வெளிச்சத்தைத் தேடித்தான் மனிதன் நடக்கிறான். மழைக்காப்பு இல்லாத வகையாக இருந்தால், நீயோ முதல் தூறலிலேயே பைக்குள் ஒளிந்துகொள்கிறாய். ஈரத்தோடு அங்கேயே கிடந்தால், லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி நூல்போலப் பூஞ்சணம் படர இடம் கொடுக்கிறாய். வந்தாரை வாழவைக்கும் மனம் யாருக்கு வரும்!

உன் தம்பி கைபேசியும் சளைத்தவனல்ல. துக்கடா உணரிக்குள் 108 மெகாபிக்சலை அடைத்துவைத்திருக்கிறான். ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைப்பது துளி ஒளிதான். மாலைக் கருக்கலில் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கிவரும் பெண்ணைப் படம் எடுத்தால், நெற்றிச் சுருக்கத்தையும் கன்னத்துத் தழும்பையும் துடைத்துவிட்டுத் தருகிறான். முப்பது வருட வெயிலை ஒரு நொடியில் அழிக்கும் மருத்துவன்!

எல்லாவற்றுக்கும் மேலே உன் கருணை. தார் றோட்டில் நின்றபடி குழலை நீட்டினால் போதும். மேல் மலையில் இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து எடுப்பவள் கிட்டே வந்துவிடுகிறாள். ஏறிப்போகும் களைப்பு இல்லை. “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்கும் சங்கடம் இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் மறைந்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனுக்கு இந்த வசதி கிட்டவில்லை. மரப்பெட்டியும் கண்ணாடித் தகடுமாக, எதிரே இருப்பவரை நெடுநேரம் அசையாதிருக்கச் சொல்லி, நேருக்கு நேர் நின்றே எடுக்க வேண்டியிருந்தது.

இனி, உன் பெருமை எதுவும் இல்லாத சின்னக் கமராக்கள். ரிக்கோ ஜிஆர் 3 சுமார் 257 கிராம். சட்டைப் பைக்குள் அடங்கும். உணரியோ கைபேசியினுடையதைப்போலப் பல மடங்கு பெரியது. மழை தாங்காது, ஒரு பொலித்தீன் உறையும், வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவும் வேண்டும். நனைந்தே நடப்பவருக்கு ஒலிம்பஸ் டிஜி 6 இருக்கிறது. 15 மீற்றர் ஆழத் தண்ணீரையும் தாங்கும், ஆனால் உணரி சிறியது, கருக்கலில் தடுமாறும்.

ரிக்கோவின் பெரிய குறை, அதன் லென்ஸ் தூரத்தை இழுக்காது. ஆகவே கால்தான் நடக்க வேண்டும். மலையேறிக் கிட்டப் போக வேண்டும், முகம் பார்த்துப் பேச வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும். இத்தனை தொல்லையும் தரும் கமராவையே புசல்லாவைக்கு வாங்குங்கள்.