மருமவனுக்குக் கொஞ்சம் லேத்துப் புத்தி

மருமவனே, ராயபுரத்துல சொந்தமா கடைசல் பட்டறை போட்டுட்டியாமே. செல்லுல வீடியோ பார்த்தே தொழிலைக் கரைச்சுக் குடிச்சிட்டன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது. எங்க காலத்துல எல்லாம் மக்குப் பசங்கப்பா. மேஸ்திரிக்கு டீ வாங்கிக் குடுத்து, மரச்சுருளைக் கூட்டி அள்ளி, அப்புறம்தான் உளியைத் தொட்டோம்.

இந்தப் பக்கம் மரக் கடைசல்னா சொப்புச் சாமான் இல்ல. எண்ணூர்ல லேலண்டு, 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு திருவொற்றியூர்ல. அந்த மாதிரி கம்பெனிக்கு இரும்பு வார்க்கணும்னா மொதல்ல மரத்துல பேட்டர்ன் வேணும். புல்லி, ஃபிளைவீல்னு வட்டமா எது வந்தாலும் ஃபேஸ்பிளேட்டுங்கிற தட்டுல மாட்டித்தான் கடையணும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும்னு, அந்த அளவுக்கு நீட்டிக் கோடு போட்ட ஸ்கேலே தனியா உண்டு. உன் கையில கிடைச்சா தப்பு ஸ்கேல்னு குப்பையில போட்டிருப்ப.

நீ மாட்டி வச்சிருக்குற கட்டையைப் பார்த்தேன். ஜிப்சம் போர்டுக்கு முடுக்குற கறுப்பு ஸ்குரூ, அதுவும் ரெண்டே ரெண்டு. சிக்கனக்காரன்! அது ஒடியுற ஜாதி, வளைஞ்சு எச்சரிக்கை எல்லாம் பண்ணாது. தடியான மர ஸ்குரூ வாங்கு, தட்டுல எத்தனை ஓட்டையோ அத்தனையிலும் முடுக்கு. நாருக்குக் குறுக்க இறங்குனாத்தான் பிடிக்கும். நாரோட நீளத்துலயே இறக்கினா உருவிக்கிட்டு வந்துரும். அடியில ஓட்டை தெரியக் கூடாதுன்னா ஒட்டுக்கட்டை ஒண்ணை ஃபெவிகால் போட்டு ஒட்டிக் காயவிட்டு, ஸ்குரூவை அதுல இறக்கு. காயறதுக்குள்ள ஓட்டுற ஆசை இருந்தா எனக்கு மொதல்லயே சொல்லிடு, நான் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிடுறேன்.

அது சரி, மண்ணடியில இடிச்ச வீட்டுத் தேக்காமே. காந்தம் வச்சுப் பார்த்தியா? உள்ள இருக்குற பழைய ஆணிக்கு உன் உளி புதுசுன்னு தெரியாது.

வேகத்துக்கு வருவோம். 12 அங்குலக் கட்டையை எடுத்த எடுப்புல நிமிஷத்துக்கு 1440 சுத்துல விட்டியாம். அப்போ அதோட ஓரம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல போகுது. எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி கனவுல கூட அவ்ளோ போனதில்ல. குறுக்களவு அங்குலத்தையும் சுத்தையும் பெருக்கினா 6000-க்கும் 9000-க்கும் நடுவுல வரணும். பன்னெண்டுக்கு 500-லேர்ந்து 750 போதும். கோணக்கட்டைன்னா அதுக்கும் கீழ ஆரம்பிச்சு, வட்டம் ஆக ஆக ஏத்து. அதுக்கு முன்னாடி மூலையை ரம்பத்துல அறுத்துத் தள்ளிடு, உளியைத் தாங்குற ரெஸ்ட்டைக் கிட்ட வச்சு இறுக்கிடு, கட்டையைக் கையால ஒரு முழுச் சுத்து சுத்தி எங்கயாவது இடிக்குதான்னு பாரு. சுவிட்சு போடுறப்ப பக்கவாட்டுல நில்லு, முகத்துக்கு ஷீல்டு போட்டுக்கோ. இல்ல மாமா, நேரா நின்னு செல்ஃபி எடுத்தே தீருவேன்னா, பல்லைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வா.

ரிவர்ஸ்ல ஓட்டிப் பார்க்காத. வலது மரைத் தட்டு, பூட்டு இல்லேன்னா தானா கழண்டு கட்டையோட கிளம்பிடும். இந்தக் கடல் காத்துல மரை துருப்பிடிச்சுப் போகும், துடைச்சு எண்ணெய் போட்டு வை. உப்புத்தாள் போடுறப்ப ரெஸ்ட்டை எடுத்துடு, விரல் நடுவுல மாட்டாம இருக்கும். கரண்டு போனா மொதல்ல சுவிட்சை அணை. நீ டீக்கடையில இருக்குறப்ப கரண்டு வந்து லேத்து தனியா வேலை பார்த்தா, அதுக்கும் கூலி குடுக்கணும்.

கிளவுஸ் போட்டிருக்கியே, எவ்ளோ அக்கறை! சுத்துற கட்டை கிளவுஸைப் பிடிச்சா துணியை மட்டும் எடுத்துக்கிட்டு விரலை விட்டுடாது. கழட்டு. தோள்ல இருக்குற துண்டும் வேணாம். அந்த வெள்ளிக் காப்பையும் கழட்டி இப்படிக் குடு. திருப்பித் தருவேனான்னு முழிக்காத, அடகுக்கடை இன்னிக்கு லீவு.