மூவர் வீட்டு விருந்தாளிகள்

கேள்வி: நெல் வயலில் எலி, மயில், காட்டுப்பன்றி மூன்றும் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. ஏர் கன் வாங்கினால் பயிர் பிழைக்குமா?
– வாசகர், விராலிமலை

பதில்: பிள்ளையார், முருகன், பெருமாள் என மூவர் வீட்டாரும் ஒரே வயலிலா! உங்கள் நெல் அவ்வளவு ருசி போலிருக்கிறது.

மயில் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே திருப்பாதீர்கள். 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் 3 முதல் 7 ஆண்டு சிறை. அறுவடையை யார் பார்ப்பார்கள்? 20 ஜூலையும் 4.5 மில்லிமீட்டர் துளையையும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் சுடலாம் என்று ஆகிவிடாது.

பன்றிக்கு 4.5 மில்லிமீட்டர் குண்டு வெறும் காயம்தான். காயம்பட்ட பன்றி உங்களைத் தேடி வரும், வனத்துறையிடம் சொல்லுங்கள்.

மிஞ்சுவது எலி. அது வருவதோ இரவில். இருட்டில் வரப்போரம் சுடுவது ஆளுக்கே ஆபத்து. வரப்பைச் சிறிதாக்கி, வளையை வெட்டி, மூங்கில் கிட்டி வையுங்கள். வயலுக்குள் உயரமாகக் குச்சி நட்டால் கூகை வந்து உட்காரும். அது குறி தவறுவது அபூர்வம், குண்டுச் செலவும் இல்லை. அதை அபசகுனம் என்று விரட்டுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.