பானட் பெரியப்பா

அக்னி நட்சத்திர வெயிலில், வேலூர் பக்கம் சாலையோரமாகக் காரை நிறுத்தி பானட்டைத் தூக்கிப் பாருங்கள். அரை நிமிடத்தில் பக்கத்தில் ஒருவர் நிற்பார். எங்கிருந்து வந்தார் என்று கேட்கக் கூடாது. பலாப்பழம் அறுத்த இடத்துக்கு ஈயை யார் அழைத்தார்கள்?

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார். "ஒரு ரேஸ் குடுங்க தம்பி" என்பார். கொடுத்தால், ஆலாபனை கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

"பிக்கப் இல்ல?"

"ஆமாங்க."

"மேம்பாலம் ஏறுறப்போ திணறுது?"

"ஆமாங்க."

"வேப்பர் லாக்! ஈரத்துணி கொண்டாங்க!"

அம்பாசிடர், பத்மினி காலத்தில் அது மெய்யான வியாதிதான். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகிவிடும். கார்புரேட்டர் காய்ந்து கிடக்கும். பம்பில் ஈரத்துணி சுற்றினால் வண்டி கிளம்பும். அந்த வித்தையால் பெரியப்பா எத்தனை மாப்பிள்ளைகளை முகூர்த்தத்துக்குக் கொண்டு சேர்த்தாரோ! இன்றைய காரிலோ பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. அதனால் என்ன? துண்டை நனைத்தாயிற்று, எதிலாவது சுற்றித்தானே ஆக வேண்டும்?

25 டிகிரி வெயில் 40 ஆனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 சதவீதம் குறையும், ஏசியும் எஞ்சினிடமிருந்து தன் பங்கைப் பிடுங்கும், எந்த வண்டியும் கொஞ்சம் சோம்பத்தான் செய்யும் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் புஸ்தகம் தம்பி" என்பார். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ரேடியேட்டர் மூடியை நோக்கி அவர் கை போகும்போது மட்டும் பாய்ந்து பிடித்துவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அதற்குச் சின்னவர் பெரியவர் தெரியாது.

ஒருவழியாக மெக்கானிக் பையன் வருவான். ஏசியைப் போடச் சொல்வான். ரேடியேட்டர் பக்கம் குனிந்து, "ஃபேன் சுத்தலையே அண்ணே" என்பான். கருகிப்போன ஃபியூஸைப் பிடுங்கிப் புதிதாக ஒன்றைச் செருகுவான். ஃபேன் இரைச்சலோடு சுழலும். சூடு இறங்கியதும், திணறிய வண்டி தானாகச் சீறும்.

பெரியப்பா அசரமாட்டார். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டே சொல்வார்:

"நல்லவேளை, ஈரத்துணி போட்டோம். இல்லேன்னா ஃபியூஸோட போயிருக்குமா?"