பொலிவுப் பெருமான் திருவடி வாழ்த்து

மார்கழிப் பனி இறங்கிவிட்டது. உதடு வெடிக்கிறது, முழங்காலுக்குக் கீழே நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுகிறது. இந்த நன்னாளில் தமிழ்நாட்டு முகங்களையெல்லாம் ஒரு குடைக்கீழ் ஆளும் பொலிவுப் பெருமானை வாழ்த்தாதவர் நன்றி மறந்தவர். விளம்பரப் பலகைதோறும் வீற்றிருப்பவரே, மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் கொலுவிருப்பவரே, பார்லர் நாற்காலியின் பின்னால் நின்று அருள்பாலிப்பவரே, எளியேன் சூட்டும் இப்புகழ்மாலையை ஏற்றருள்க.

முதலில் தங்கள் பேரறிவைப் போற்றுகிறேன். பனிக்காலத்தில் தோல் கேட்பது ஈரம். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் தோலில் இருக்கும் நீர் ஆவியாகும். மேல்தோல் சொரசொரத்துப் போகும். மேடுபள்ளமான பரப்பில் பட்ட ஒளி சிதறுவதால் முகம் மங்கித் தெரியும். கிராமத்துக் கிழவிகள் இதை ‘வறட்சி’ என்று சொல்லி, உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். எத்தனை பாமரத்தனம்! அந்த வறட்சியைக் கறுப்பு என்று கண்டுபிடித்த ஞானக்கண் தங்களுக்கு மட்டுமே வாய்த்தது. ஈரம் கேட்டு வந்தவளுக்கு நிறம் தருவதாக வாக்களிக்கும் வள்ளன்மை வேறு யாருக்கு வரும்? பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். அந்தத் தேராவது முல்லைக்குப் பற்றிப் படரப் பயன்பட்டது. தங்கள் கொடையோ வாங்கியவருக்குப் பயன்பட வேண்டும் என்ற அற்ப நிபந்தனைக்கும் அப்பாற்பட்டது.

தங்கள் அமைச்சரவையின் திறமைக்கு ஈடு ஏது? முகத்தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே கனம் உள்ளது. செத்த செல்கள் செங்கல்லாகவும், செராமைடும் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலமும் கலந்த பசை காரையாகவும் அமைந்த சுவர் அது. காரை இருக்கும்வரை உள்ளே ஈரம் தங்கும். அதை ஒரே மாதத்தில் சுரண்டி எடுக்கும் பொறுப்பைத் தாங்கள் மூவரிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள்.

முதல் அமைச்சர் மாண்புமிகு வெந்நீர். கீசரின் திருகைக் கடைசிவரை திருப்பி, குளியலறை முழுக்க ஆவி சூழ, தோல் சிவக்கச் சிவக்க ஊற்றிக்கொள்ளும் சுகத்தை அருள்பவர். காரைக் கொழுப்பை இளக்கிக் கரைப்பதில் இவர் கைதேர்ந்தவர். துண்டால் துடைத்த சிறிது நேரத்திலேயே கன்னம் இழுத்துப் பிடிக்கிறதே, அது இவர் விட்டுச்சென்ற ஆசீர்வாதம்.

இரண்டாமவர் நுரை வாரிவழங்கும் சோப்புப் பெருந்தகை. நம் தோல் லேசான அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணச் சோப்பின் அளவு 9-க்கும் 10-க்கும் இடையே. இந்த வேறுபாட்டையெல்லாம் பெரிதுபடுத்தாத பரந்த மனம் கொண்ட இவர், காலை மாலை இரு வேளையும் முகத்தில் உலாவருகிறார். கூடவே பீர்க்கை நாரும் ஸ்க்ரப்பும் சாமரம் வீசுகின்றன. தேய்த்துத் தேய்த்து எரிச்சல் வரும்போது ‘அழுக்கு போகுது’ என்று குடிமக்கள் பூரிக்கிறார்களே, அந்த ராஜபக்தியைப் பார்த்தால் கண்ணீர் வருகிறது.

மூன்றாமவர் இயற்கையின் செல்லப்பிள்ளை எலுமிச்சை. சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டியது என்பதால் வெடித்த தோலில் பட்டதும் சுரீரென்று வேலையைத் தொடங்கிவிடுவார். சாறு பூசிய தோலோடு வெயிலில் போனால் சிவந்து கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் கருந்திட்டாகத் தங்கும். நிறம் வேண்டி வந்தவருக்கு நிறத்தையே தருகிறார். எந்த நிறம் என்று கேட்பது மரியாதை ஆகாது.

மூவரும் சுவரை இடித்த பின்தான் தங்கள் சேனாதிபதி எழுந்தருளுகிறார். பராக்! பராக்! அவர் வாசம் தெருமுனை மருந்துக்கடை.

“அண்ணே, முகமெல்லாம் ஒரே வறவறன்னு இருக்கு, டல்லாவும் தெரியுது. நல்லதா ஏதாவது குடுங்க.”

“இதப் போடும்மா. ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிரும்.”

சுண்டுவிரல் நீள ட்யூப் கைமாறுகிறது. சீட்டு இல்லை, கேள்வி இல்லை. உள்ளே பீட்டாமெத்தசோனோ குளோபீட்டசாலோ ஏதோ ஒரு ஸ்டீராய்டு இருக்கும். அல்லது மொமெட்டசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் கூட்டணி அமைத்திருக்கும். இவை எக்ஸிமா, மங்கு போன்றவற்றுக்கு, மருத்துவர் மேற்பார்வையில், குறிப்பிட்ட காலம் மட்டும் போட வேண்டிய மருந்துகள். அந்தச் சிறைவாசத்திலிருந்து அவற்றை விடுவித்து, வீடுதோறும் பவுடருக்குப் பக்கத்தில் குடியமர்த்திய கருணை தங்களுடையது.

சேனாதிபதியின் போர்முறை அற்புதம். தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறார்; முகம் வெளுத்து மின்னுகிறது. பக்கத்து வீட்டுக்காரி “என்னடி போடற?” என்கிறாள். ட்யூபின் பெயர் தெரு முழுக்கப் பரவுகிறது. மாதங்கள் கடந்தபின் தோல் மெலிகிறது, கன்னத்தில் சிவப்பு ரத்தக்குழாய் இழைகள் கொடிபோல் ஓடுகின்றன, பருக்கள் பூக்கின்றன, தாடையில் ரோமம் முளைக்கிறது. பயந்துபோய்ப் பூசுவதை நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரிகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. குடிமக்களைத் தம் வாசலை விட்டு நகரவிடாமல் வைத்திருக்க எத்தனையோ அரசர்கள் படையும் பணமும் செலவழித்தார்கள். தங்களுக்கு ஒரு ட்யூப் போதுமானதாக இருக்கிறது! இந்தச் சாதனைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் சேதமான முகம்’ என்று தனிப் பட்டமே சூட்டியிருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு இத்தகைய பூச்சுகளைச் சீட்டின்றி விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. அந்த ஆணையைக் கடைக்காரர்கள் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்கள். கசங்கிவிடக் கூடாது என்பதால் பிரிப்பதில்லை.

தங்கள் வெளிநாட்டுத் தூதர்களையும் வணங்குகிறேன். தயாரித்தவர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல், தன்னடக்கத்தோடு வந்திறங்கும் டப்பாக்கள் அவை. சிலவற்றில் பாதரசம் குடிகொண்டிருக்கும். அது நிறமி சுரப்பதைத் தடுக்கும். தோல் வழியே புகுந்து சிறுநீரகம்வரை நல்லெண்ணப் பயணம் போகும். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் வட்டாரத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்கள் பூசிவந்த சிவப்பழகுக் களிம்பில் போய் நின்றார்கள். முகத்தில் பூசியது சிறுநீரில் புரதமாக வெளிப்படும் ரசவாதத்தைப் பதினெண் சித்தர்களும் செய்து காட்டியதில்லை.

காலம் அறிந்து செயல்படும் தங்கள் ராஜதந்திரத்தை எப்படிப் புகழ்வேன்! மார்கழியில் கல்யாணம் இல்லை. தை பிறந்தால் முகூர்த்தம். நடுவே இருக்கும் இந்தச் சில வாரங்களில்தான் பெண்ணைப் பெற்றவர்கள் கலங்குகிறார்கள். ‘பொண்ணு கலர் எப்படி?’ என்று தரகர் கேட்கும் கேள்வியே தங்கள் கஜானாவுக்கு வரி வசூல். பனியில் வறண்ட முகம் பார்த்து, ‘இந்த நேரத்துல இப்படிக் கறுத்துட்டாளே’ என்று தாய் அங்கலாய்க்கும்போது, தங்கள் ரதம் வாசலில் நிற்கிறது. பொறியியல் படித்தவளாயினும் வங்கியில் வேலை பார்ப்பவளாயினும் எல்லாரையும் ஒரே ட்யூபின் முன் தலைகுனிய வைக்கும் சமத்துவம் வேறு எந்த ஆட்சியில் உண்டு?

காலத்துக்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்ளும் பணிவும் வியப்புக்குரியது. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-ல் ‘ஃபேர்’ என்ற சொல்லை உதிர்த்துவிட்டு ‘க்ளோ’ என்று பெயர் சூடியது. அன்றுமுதல் விளம்பரங்களில் எவரும் வெள்ளையாவதில்லை, பொலிவடைகிறார்கள். மங்கலான முகத்துக்கும் பொலிந்த முகத்துக்கும் நடுவே படத்தில் சில நிறப்படிகள் வெளுத்திருந்தால் அது விளக்கொளியின் குற்றம். தங்கள் குற்றமாக இருக்க முடியுமா?

தங்கள் திருப்பார்வை கழுத்துக்குக் கீழே இறங்காத கம்பீரத்தையும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் கெண்டைக்காலைச் சொறிந்து தூக்கம் கெடும் தாத்தாவின் தோல் மீன்செதிலாய் உரிகிறது. சர்க்கரை நோய் உள்ள பாட்டியின் குதிகாலில் பித்தவெடிப்பு விரிந்து, கிருமி நுழைய வழி திறந்து கிடக்கிறது. பனிக்காலத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான். ஆனால் அந்தக் கால்களைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதில்லை. ஆகவே அவற்றை மறந்தருளிய தங்கள் நேர்மை வாழ்க.

கடைசியாகத் தங்கள் பகைவரைத் தூற்றி என் விசுவாசத்தை நிலைநாட்டுகிறேன். கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய் என்று சில ஏழைகள் இன்னமும் திரிகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளி என்கிறார்கள். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதத்தோடு நிறுத்து என்கிறார்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, உடம்பில் ஈரம் காய்வதற்குள் பூசு என்கிறார்கள். குதிகாலுக்கு யூரியா கலந்த களிம்பு போதும் என்கிறார்கள். அரிப்பும் வெடிப்பும் தீராவிட்டால் தோல் மருத்துவரைப் பார் என்கிறார்கள். சில பத்து ரூபாயில் முடிந்துபோகும் வைத்தியத்துக்கு என்ன மதிப்பு? பிறந்த நிறத்தோடு ஒருத்தி நிம்மதியாக வாழ்ந்துவிட்டால் ராஜாங்கம் என்னாவது? இந்தக் கலகக்காரர்களை நாடு கடத்த வேண்டும்.

ஆகவே பெருமக்களே, பொலிவுப் பெருமானின் ஆட்சி நீடூழி நிலைக்க நாம் செய்ய வேண்டிய தொண்டு ஒன்றே ஒன்றுதான். உங்கள் மகள் முகத்தில் பூசும் ட்யூபைத் திருப்பி, அதன் பின்பக்கம் எழுதியிருப்பதைத் தயவுசெய்து படித்துவிடாதீர்கள்.