சாவியை மாற்றினால் போதுமா?

கேள்வி: புது 4கே மானிட்டரைப் பழைய லேப்டாப்பில் மாட்டினால் 30 ஹெர்ட்ஸைத் தாண்ட மறுக்கிறது, மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது. விலை கூடிய கேபிள் வாங்கட்டுமா?
- வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்

பதில்: பூட்டு ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? பூட்டு பழசாக இருக்க, சாவியை மட்டும் மாற்றி என்ன பயன்! உங்கள் லேப்டாப்பில் இருப்பது அநேகமாக 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4. சுமார் 83 லட்சம் புள்ளிகளை நொடிக்கு 30 தடவை தள்ளுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். 60 வேண்டுமென்றால் 2013-இல் வந்த 2.0 வேண்டும். டைப்-சி துளையில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். இல்லையா, 2560 × 1440-க்கு இறக்குங்கள்; பெரும்பாலும் 60 கிடைத்துவிடும். படம் பார்க்க மட்டும்தானா? சினிமாவே நொடிக்கு 24 ஃபிரேம்தான், சார். கேபிள் கடைப் பக்கம் போகாதீர்கள்.