ஆசனம் எண்ணி ஏற்றும் பஸ்

கேள்வி: மகள் ஜேர்மனியில் வணிக முகாமைத்துவ முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறாள். ஜீபிஏ 3.2. 'அனுமதி வரையறுக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள். நமக்குக் கதவடைப்பா?
(ஒரு தகப்பன், வெள்ளவத்தை)

பதில்: விடை உங்கள் வாசலிலேயே ஓடுகிறது ஐயா. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் கை காட்டியவரையெல்லாம் ஏற்றும். அது வரையறையற்ற அனுமதி. அடிப்படைத் தகுதி இருந்தால் இடம் உண்டு. இரவில் அதே வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்ஸோ ஆசனத்தை எண்ணித்தான் ஏற்றும். உங்கள் மகள் ஏறப்போவது இதில். வெட்டுப்புள்ளி என்பது பெரும்பாலும் கடைசி ஆசனம் பிடித்தவரின் புள்ளிதான். வருடத்துக்கு வருடம் மாறும்.

இன்னொன்று, ஜேர்மனியில் 1.0 தான் முதலிடம், 4.0 மயிரிழையில் சித்தி. 4க்கு 3.2, சித்திக்கு 2 என்றால் அவர்களுடைய சூத்திரத்தில் 2.2 வரும். புள்ளி குறைந்துவிட்டதென்று வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள்! மான்ஹைம் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஜீமாட் அல்லது ஜீஆர்ஈ புள்ளியும் கேட்பார்கள்.

கேள்வி: அங்கேயும் மாவட்டக் கோட்டா இருக்கிறதா?
(கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: உயர்தரக் காயம் இன்னும் ஆறவில்லைப் போலிருக்கிறதே தங்கச்சி! 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது நம் நாட்டுக் கணக்கு. முதுமாணிக்கு ஜேர்மன்காரர் உங்கள் மாவட்டத்தைக் கேட்கமாட்டார்கள். முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டாலும் காத்திருங்கள். நாலு பஸ்ஸில் ஆசனம் பதிந்த பிள்ளை ஒன்றில்தானே ஏறும்?