சீர் வாங்கும் சர்க்கார்

பெண் வீட்டாரிடம் வரதட்சணை வாங்குவது குற்றம் என்று 1961-இல் சட்டம் போட்ட நாடு இது. அந்தச் சட்டம் அரசுப் பள்ளியின் வாசலோடு நின்றுவிடும் போலிருக்கிறது. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ‘கல்விச் சீர்’ என்றொரு திருவிழா நடக்கிறது. மேளம் முன்னே போக, பெற்றோர்கள் தாம்பாளம் ஏந்தி வரிசையாக வருவார்கள். ஒரு தட்டில் வாழைப்பழம், அடுத்ததில் சாக்பீஸ் பெட்டி. பின்னால் துடைப்பம், குடம், பிளாஸ்டிக் நாற்காலி. வசதியுள்ள ஊர் என்றால் ஆட்டோவில் இரும்பு பீரோவும் வரும். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்பார். மறுநாள் பத்திரிகையில் ‘நெகிழ்ச்சி’ என்று தலைப்பு.

எனக்கு நெகிழவில்லை, வயிறு எரிகிறது. கொடுப்பவர் மீது ஒரு குறையும் இல்லை. கூலிக்காசில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்கள். கைநீட்டி வாங்கிக்கொள்கிற மாப்பிள்ளை வீட்டாரைத்தான் கேட்கிறேன். பிள்ளை படிக்கிற வகுப்பில் காற்று வரவில்லை என்று அந்த அம்மா ஒரு மின்விசிறி வாங்கினால், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அரசாங்கத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுக்க அரசாங்கத்துக்கே வரி. இப்படி ஒரு சம்பந்தி வீடு உலகத்தில் வேறெங்காவது உண்டா?

‘இது புதிதல்ல, காமராசர் காலத்திலேயே ஊர்மக்கள் கொடுத்தார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். 1958-இல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கிய இடம் கடம்பத்தூர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், இன்றைய திருவள்ளூர் மாவட்டம். ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, பள்ளிக்கு இன்னது வேண்டும் என்று பட்டியல் போட்டு, இன்னார் இன்னது தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். நிலம் வந்தது, பெஞ்சு வந்தது, மணி வந்தது. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை இன்றைய மேடைகள் சொல்வதில்லை. அந்த ஆண்டுகளில்தான் அரசு ஆயிரக்கணக்கில் புதுப் பள்ளிகளைத் திறந்தது. மதிய உணவும் போட்டது. ஊர் ஒரு கை கொடுத்தால் அரசு இரண்டு கை கொடுத்தது. இன்றைக்கு ஊர் கொடுக்கும் கையை அரசு படம் பிடித்துக்கொள்கிறது.

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்கு, பழவேற்காட்டுக்கு வாருங்கள். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கோட்டைக்குப்பம், அரங்கம்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று குப்பம் குப்பமாக மீனவர் ஊர்கள். ‘பெற்றோரின் பங்கேற்பை ஊக்குவிப்போம்’ என்று கல்வித்துறை இந்த ஊர்களுக்கும் பாடம் எடுக்க வருகிறது. யாருக்கு யார் பாடம் எடுப்பது என்று ஒரு நியாயம் வேண்டாமா?

ஏரியில் ‘பாடு’ என்ற ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு. ஊருக்கு ஊர் நாள் உண்டு. ஊருக்குள் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறை உண்டு. நல்ல மடி யாருக்கு, வெறும் தண்ணீர் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பார்கள். அரசாணை இல்லை, செயலி இல்லை, ஆய்வுக்கூட்டம் இல்லை. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பாடு முறையில் பங்கு இல்லாத ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் ஆயிரம் மனக்குறை உண்டு, அதுவும் நியாயமானதுதான். ஆனாலும் பொதுச்சொத்தைப் பங்கு போடவும் கணக்குக் கேட்கவும் தெரிந்த சனம் இது. கோயில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி கொடுத்தவன் கணக்குக் கேட்டால் பஞ்சாயத்தார் பதில் சொல்லியாக வேண்டும். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டபோது ஊர்கள் சேர்ந்து காசு போட்டுத் தோண்டியதும் உண்டு.

இப்படிப்பட்டவர்களை அழைத்து ‘பள்ளி மேலாண்மைக் குழு’ என்று பலகை மாட்டி, ‘இதோ அதிகாரம், பிடியுங்கள்’ என்றார்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அதற்குத் தாய். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அவர்கள் தயாரிக்க வேண்டும். அரசு கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று அவர்கள் கண்காணிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்னொரு படி மேலே போய், தலைவர் பெற்றோராக, அதிலும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றார்கள். 2022-இல் மாநிலம் முழுக்கக் குழுக்களைத் திருத்தி அமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். காகிதத்தில் எழுதியதைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

இனி நடப்பைப் பாருங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு. அந்த நேரத்தில் மீன் விற்கப் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் போன அம்மாவின் கூடை இன்னும் காலியாகியிருக்காது. சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பரிக்கூடையில் போடுகிறவருக்கு ஏரியின் ஏற்ற வற்றம்தான் கடிகாரம். கல்வித்துறையின் கடிகாரம் அதற்குத் தெரியாது. ஒருநாள் பிழைப்பை விட்டுவிட்டு வருகிறவருக்கு அங்கே கிடைப்பது ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் ஒரு குழுப் புகைப்படமும். தீர்மானங்கள் மேலேயிருந்து வந்த சுற்றறிக்கைப்படி முன்கூட்டியே தயார். ‘இன்னா சார், எங்க கையெழுத்துப் போடணும்?’ என்று கேட்கிற அளவுக்கு அவர்களைப் பழக்கி வைத்துவிட்டு, அதற்குப் பங்கேற்பு என்று பெயர் சூட்டி, வருகைப்பதிவைச் செயலியில் ஏற்றி, மாவட்டவாரியாகச் சதவீதமும் போடுகிறார்கள்.

ஆசிரியரைத் திட்டி முடித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் மனம் வரவில்லை. இரண்டு ஆசிரியர் பள்ளி என்றால் ஒருவர் கல்வித்துறையின் புள்ளிவிவரம் ஏற்றும் எமிஸ் இணையதளத்துக்கு வாழ்க்கைப்பட்டிருப்பார். மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்ப்பார். குழாய் உடைந்தால் தன் பாக்கெட்டில் கைவிட்டு முதலில் செலவழித்துவிட்டு, மானியம் வரும் வரும் என்று வானத்தைப் பார்ப்பார். பெற்றோரைக் கண்டால் ஆசிரியருக்குப் பயம், ஆசிரியரைக் கண்டால் பெற்றோருக்குப் பயம், இருவருக்கும் சேர்த்து வட்டாரக் கல்வி அலுவலரைக் கண்டால் பயம். மூன்று பயங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டத்தில் எந்தக் கேள்வி எழும்?

ஊர்க்காரர்களையும் சும்மா விடுவதற்கில்லை. தலைக்கட்டு என்றால் ஆண். ஊர்க் கூட்டத்தில் பாய் விரித்து உட்காருகிறவர்கள் ஆண்கள். மீனை ஏலத்தில் எடுத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, விற்று, குடும்பத்தைக் கரை சேர்க்கும் பெண் அங்கே ஓரமாக நிற்கலாம், உட்காரக் கூடாது. அந்த ஊரில் பள்ளிக் குழுவுக்கு மட்டும் பெண் தலைவி! என்ன ஆகும்? தலைவியின் கணவர் ‘தலைவர்’ ஆவார். பள்ளியிலிருந்து போன் வந்தால் அவர் எடுப்பார். கூட்டத்தில் பேசுவதும் அவரே. தலைவி போடுவது கையெழுத்து. சில இடங்களில் அதற்கும் அவருக்குச் சிரமம் வைப்பதில்லை. சாமிக்கு வரி போட்டு ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் அமர்க்களப்படுத்துகிற பஞ்சாயத்து, பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றால் ‘அது கவர்மென்டு சமாச்சாரம்’ என்று கைகழுவுகிறது. அப்படிக் கைகழுவவாவது தண்ணீர் எங்கிருந்தோ கிடைக்கிறது.

பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. முப்பதுக்கு மேல் நூறு பிள்ளைகள் வரை படிக்கிற பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். மாதத்துக்கு 2,083 ரூபாய். இதில் சாக்பீஸ், பதிவேடு, விளையாட்டுச் சாமான், மின்சாதனப் பழுது, குடிநீர், கழிப்பறைச் சுத்தம் எல்லாம் முடிய வேண்டும். பத்து சதவீதம் தூய்மைக்கென்று தனியே ஒதுக்கவும் வேண்டும். உப்புக்காற்றில் இரும்புக் கதவு துருப்பிடித்து உதிர்கிற கடற்கரைப் பள்ளிக்கும், உள்நாட்டுப் பள்ளிக்கும் ஒரே கணக்கு. தொகையை முடிவு செய்தவர் கடலை விமானத்திலிருந்து பார்த்திருப்பார்.

அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. காரணம்? மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. குப்பத்துத் தாயிடம் படிக்க விடாமல் கையெழுத்து வாங்குகிற அதே பழக்கம், பெரிய அளவில். கையெழுத்துப் போட்டால் காசு, போடாவிட்டால் உன் பிள்ளைக்குச் சாக்பீஸ் இல்லை. அந்தப் பணத்தில் பழவேற்காட்டுக்காரர் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டிய வரியும் இருக்கிறது என்பதை டெல்லியில் யாரும் அவருக்கு ரசீது போட்டுச் சொல்லப் போவதில்லை.

சென்னை என்ன செய்தது? அதற்கு முன்பே, 2022 டிசம்பர் 19 அன்று ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. தலைவர் தொழிலதிபர் வேணு சீனிவாசன், தூதுவர் விசுவநாதன் ஆனந்த். கம்பெனிகளும் வெளிநாட்டுத் தமிழர்களும் முன்னாள் மாணவர்களும் பள்ளிக்குக் கொடுக்கலாம். கொடுக்கட்டும். ஆனால் நகரத்துப் பள்ளியின் முன்னாள் மாணவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். குப்பத்துப் பள்ளியின் முன்னாள் மாணவர் கடலில் இருக்கிறார். தர்மத்தை நம்பி நடக்கும் பள்ளிகளில், பணக்காரச் சொந்தம் உள்ள பள்ளிக்கே தர்மமும் போய்ச் சேரும்.

கம்பெனிகள் இங்கே இல்லாமல் இல்லை. தெற்கே போனால் அனல்மின் நிலையங்கள், எண்ணூரில் துறைமுகம், காட்டுப்பள்ளியில் இன்னொன்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அதானி குழுமம் 2018-இல் வாங்கியது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க 53,000 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது. முகத்துவாரமும் கரையும் என்ன ஆகும் என்று மீனவர்கள் கேட்டார்கள். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் என்றார்கள், தள்ளி வைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் தள்ளி வைத்தார்கள். ஆசிரியர் தினத்தில்! பெற்றோர்கள் வரத் துடிக்கிற கூட்டத்தை நடத்த மாட்டார்கள். அவர்களால் வர முடியாத கூட்டத்தை மாதாமாதம் நடத்திப் படம் எடுப்பார்கள். இதுதான் பங்கேற்பின் இலக்கணம்.

1953-இல் ராஜாஜி, பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கு வந்து மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்து மறு ஆண்டே அதைக் கைவிட வைத்தது. இன்றைய ஏற்பாடு அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பள்ளியைப் பட்டினி போட்டால் பிள்ளை தானாக வலைக்குப் போவான். ஏரியும் போய்விட்டால் வலைக்கும் போக முடியாமல் கான்ட்ராக்ட் கூலியாகத் துறைமுக வாசலில் நிற்பான். ஒரு சட்டமும் தேவையில்லை, ஒருவரும் கொதிக்க மாட்டார்கள்.

இதே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருக்கிறது. பூநாரைக்குச் சரணாலயம் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்று மீனவனுக்கு எச்சரிக்கை வருகிறது. அவன் பிள்ளைகள் கரையில் நின்று அதற்குக் கைதட்டுகிறார்கள். செத்தவருக்கும் பறவைக்கும் ராக்கெட்டுக்கும் ஒழுங்காக நடக்கிற அரசாங்கம், ஒன்றாம் வகுப்பு என்றதும் தாம்பாளத்தை நீட்டச் சொல்கிறது.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியிலேயே சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் அதை யாரும் மதிக்கவில்லை. தீர்ப்பை மதிக்காவிட்டால் போகட்டும், பாடு முறையை மதிக்கிறார்களா பார்ப்போம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று கோட்டைக்குப்பத்தில் ஒரு பானை வைப்போம். செயலாளர், இயக்குநர், ஆட்சியர், அமைச்சர், எம்.எல்.ஏ., துறைமுக மேலாளர், டெல்லியில் கையெழுத்துக்குக் காத்திருப்பவர் என அத்தனை பேர் பெயரையும் சீட்டில் எழுதிப் போடுவோம். யார் பெயர் வருகிறதோ அவர் வீட்டுப் பிள்ளை, இல்லையென்றால் பேரப்பிள்ளை, ஒரு வருடம் குப்பத்துப் பள்ளியில் படிக்க வேண்டும். அதே 25,000 ரூபாயில், அதே கழிப்பறையில். கூட்டத்துக்கு அவரும் வெள்ளிக்கிழமை 3 மணிக்கு வந்து, டீ குடித்துவிட்டு, தயாராக இருக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடலாம். சீட்டெடுக்கப் பஞ்சாயத்தாரைக் கூப்பிட வேண்டாம். குழுத் தலைவி எடுக்கட்டும். அன்றைக்கு அவர் கணவர் ஓரமாக நிற்கட்டும்.